இந்திப் படத்தில் இல்லாத வைத்தியம்

நான் ஊமையான விதம் பற்றிக் கொழும்பு வெள்ளவத்தையில் பல கதைகள் உண்டு. துறைமுகத்தில் குண்டு விழுந்த சத்தத்தில் நாக்கு இழுத்துக்கொண்டது என்பார்கள் சிலர். கலியாணம் பிடிக்காமல் நடித்தாள் என்பார்கள் வேறு சிலர். எங்கள் ஒழுங்கை முனைக் கடைக்காரர் இன்றைக்கும் அது செய்வினைதான் என்று சாதிக்கிறார். நான் அவரிடம் உரத்த குரலில் பேரம் பேசிச் சாமான் வாங்குவது அவருடைய கருத்தை அசைக்கவில்லை.

சென்ற மாதம் ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். அந்தப் பிள்ளைக்கும் குரல் இல்லை. "உங்களுக்கு என்ன வைத்தியம் செய்தவை, டீச்சர்? மறைக்காமல் சொல்லுங்கோ" என்றார். ஒரு பின்னேரம் முழுக்கச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, இதை எழுதினால் இன்னும் யாருக்காவது உதவும் என்று தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

யுத்தத்தின் நடுவில் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டபோது பாதி வெள்ளவத்தை யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறியது. அம்மாவையும் தம்பியையும் ஐயா ஊருக்கு அனுப்பிவைத்தார். தகப்பனாரை நாங்கள் ஐயா என்போம். அவர் ரயில்வேயில் கிளார்க். யுத்த காலத்தில் அவருக்கு லீவு கிடையாது. நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக் கட்டடத்தைப் பட்டாளம் எடுத்துக்கொண்டதால், பாமன்கடையில் ஒரு பழைய வீட்டு விறாந்தையில் வகுப்புகள் நடந்தன. ஐயாவுக்குச் சமைத்துப் போடவும் ஆள் வேண்டும். ஆகவே நான் கொழும்பிலேயே நின்றேன்.

அம்மாவுக்கு இருதயம் பலவீனம். ஊரில் ஒரு காலை கிணற்றடியில் சாய்ந்தவர் பிறகு எழும்பவில்லை. தந்தி பிந்தி வந்தது. பட்டாளத்துக்காரரும் சனமும் நெரிந்த ரயிலில் நின்றபடி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. முற்றத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஈரம் காயவில்லை. அம்மாவின் முகத்தை நான் பார்க்கவே இல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, தம்பியை ஊரில் சொந்தக்காரரோடு விட்டுவிட்டு, ஐயாவும் நானும் கொழும்புக்குத் திரும்பினோம். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "இனி நீதான் பிள்ளை வீட்டுக்குத் தாய்." நானும் அப்படியே இருந்தேன். விடியச் சமையல், பிறகு பள்ளிக்கூடம், பின்னேரம் கூப்பன் அரிசிக்கு வரிசை. அழ நேரம் இருக்கவில்லை என்று சொன்னால் பொய். நேரம் இருந்தது. அழுகைதான் வரவில்லை. நித்திரையும் மெல்ல மெல்லக் குறைந்தது. சாப்பாடு வாயில் மண் போலக் கிடந்தது. இவையெல்லாம் வியாதியின் தொடக்கம் என்று எனக்கு அப்போது தெரியாது.

சில மாதங்கள் கழித்து, ஒரு காலை, வகுப்பில் பாடம் வாசித்துக்கொண்டிருந்தேன். வசனத்தின் நடுவில் குரல் நின்றுவிட்டது. தொண்டை நோகவில்லை, இருமலும் இல்லை. வாய் அசைந்தது, காற்று வந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. பிள்ளைகள் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தார்கள். பிறகு முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். நான் கரும்பலகையில் 'வீட்டுக்குப் போங்கள்' என்று எழுதிவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தேன்.

ஐயாவின் தங்கை, என் மாமி, ஊரிலிருந்து உடனே வந்து இறங்கினார். மிளகும் பனங்கற்கண்டும் கொடுத்தார். வேப்பிலை அடித்தார். கையில் நூல் கட்டினார். எல்லாவற்றுக்கும் கையை நீட்டினேன், வாயைத் திறந்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு பெரிய ஆஸ்பத்திரி. காது, மூக்கு, தொண்டை பார்க்கும் இடத்தில் நீண்ட வாங்கு ஒன்றில் காத்திருந்தோம். ஒரு பக்கம் காதில் பஞ்சு வைத்த பட்டாளத்துக்காரன், மறுபக்கம் மூக்கில் இரத்தம் வடியும் துறைமுகத் தொழிலாளி. ஒவ்வொருவராக உள்ளே போக நாங்கள் வாங்கில் நகர்ந்துகொண்டே இருந்தோம். உள்ளே இருந்த டொக்டர் நெற்றியில் வட்டக் கண்ணாடி கட்டியிருந்தார். என் நாக்கைத் துணியால் பிடித்து வெளியே இழுத்து, நீண்ட காம்பில் பொருத்திய சின்னக் கண்ணாடியை விளக்கில் சூடுகாட்டித் தொண்டைக்குள் வைத்தார். குரல்வளைக்குள் இரண்டு மெல்லிய நாண்கள் இருக்கின்றனவாம். அவை ஒன்றையொன்று தொட்டு அதிர்ந்தால்தான் சத்தம் பிறக்கும். என்னுடைய நாண்களில் புண்ணும் இல்லை, வீக்கமும் இல்லை.

"தொண்டையில் ஒரு பழுதும் இல்லை," என்று ஐயாவிடம் சொன்னார். "கழுத்தில் கரண்ட் பிடித்துப் பார்க்கலாம். இல்லையென்றால் மனநோய் டொக்டரிடம் காட்டுங்கள்."

மனநோய் என்றால் கொழும்பில் எல்லோருக்கும் பைத்தியக்கார ஆஸ்பத்திரி இருக்கும் ஒரே ஓர் ஊர்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரின் பெயரை எங்கள் வீட்டில் ஒருவரும் உச்சரிக்க மாட்டார்கள். திரும்பி வரும் ரயிலில் ஐயா கடலைப் பார்த்தபடியே இருந்தார். வெள்ளவத்தையில் இறங்கும்போது மட்டும் என் கையைப் பிடித்தார். சிறுபிள்ளைக் காலத்துக்குப் பிறகு அவர் என் கையைப் பிடித்தது அன்றுதான்.

இங்கே தர்மலிங்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மா இருக்கும்போதே எனக்கு நிச்சயித்த மாப்பிள்ளை அவர். துறைமுகத்தில் கஸ்டம்ஸ் கந்தோரில் வேலை. கொட்டாஞ்சேனையில் அறை எடுத்திருந்தார். அம்மாவின் ஆண்டுத் திவசம் முடியட்டும் என்று கலியாணத்தைப் பின்போட்டிருந்தார்கள். அதுவரை நாங்கள் தனியாகப் பேசிக்கொண்டதே இல்லை. பேச வசதி கிடைத்தபோது எனக்குக் குரல் இல்லை.

செய்தி கேட்டு அவர் வீட்டுக்கு வந்தார். சம்பந்தத்தை முறித்துக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்து மாமி தேத்தண்ணி ஊற்றும்போதே அழுதார். அவர் ஐயாவிடம் சொன்னார்: "என்ரை அறைக்குக் கிட்ட கன்னியாஸ்திரிமார் நடத்திற சின்ன ஆஸ்பத்திரி ஒண்டு இருக்கு, மாமா. நரம்பு வருத்தக்காரருக்குத் தனி வார்ட். சீமையிலை படிச்ச பறங்கி டொக்டர் ஒருத்தர் வந்து பாக்கிறவர். நான் போய் விசாரிச்சனான். கரண்ட் ஒண்டும் பிடிக்கமாட்டினமாம்."

"தம்பி, உங்கடை ஆக்கள் என்ன சொல்லுவினம்?" என்று ஐயா கேட்டார்.

"அது பிறகு பாப்பம். முதல் இவவுக்குச் சுகம் வரட்டும்."

அப்படித்தான் நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பழைய காலத்து வீடு, உயர்ந்த யன்னல்கள், சில கட்டில்கள். கோயில் மணிச் சத்தமும் கப்பல்களின் ஊதலும் மாறிமாறிக் கேட்கும். எங்கள் வார்ட்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர் மன்னார்ப் பெண். நடக்கும்போது அவருடைய இடுப்பில் சாவிக்கொத்துச் சத்தம் போடும். முதல் நாள் அந்தச் சத்தம் என்னைப் பயமுறுத்தியது. பூட்டி வைக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவை மருந்து அலுமாரியின் சாவிகளும் சீனி வைத்த பெட்டியின் சாவியும் என்று பிறகு தெரிந்தது. யுத்த காலத்தில் சீனிக்குத்தான் அதிகக் காவல்.

டொக்டர் நரைத்த மீசைக்காரர். ஆங்கிலத்தில்தான் பேசுவார், ஆனால் நல்ல நிதானமாக. வந்ததும் என் தொண்டையைப் பார்க்கவில்லை.

"இருமு," என்றார்.

இருமினேன்.

"சத்தம் கேட்டதா?"

கேட்டது. சாதாரண இருமல் சத்தம்.

"நாண்கள் சேராமல் இருமலில் சத்தம் வராது. உன் குரல் எங்கேயும் போகவில்லை. இருமுவதற்கு வருகிறது, பேசுவதற்கு மறுக்கிறது. உடம்பு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் நீ சுமந்துவிட்டாய். உன்னைக் கேட்காமலே உடம்பு ஒரு கதவைச் சாத்திவிட்டது."

இதற்கு ஹிஸ்டீரியா என்று ஒரு பெயர் சொன்னார். நடிப்புக்காரிகளுக்குச் சொல்லும் பெயர் என்று நினைத்து எனக்கு ரோசம் வந்தது. கையில் இருந்த சிலேட்டில் 'நான் நடிக்கவில்லை' என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினேன்.

"தெரியும்," என்றார். "நடிப்பவர்களுக்கு இவ்வளவு கோபம் வராது. காய்ச்சல் எப்படி உண்மையோ அப்படித்தான் இதுவும்." பிறகு அந்தச் சிலேட்டை மெல்ல வாங்கிச் சிஸ்டரிடம் கொடுத்தார். "இது இனி வேண்டாம். கால் முறிந்தவனுக்குக் கோல் நல்லது. முறியாத காலுக்குக் கோல் கொடுத்தால் கால் சூம்பிப்போகும்."

அன்று அவரை நான் வெறுத்தேன்.

வைத்தியம் இதுதான். முதலில் நித்திரைக்கு உப்புக் கரிக்கும் புரோமைட் கலவை. குடித்தால் தலை கனக்கும், விடிந்தபின்னும் நாக்குத் தடித்திருக்கும். சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு காலையிலும் பின்னேரமும் சிஸ்டரின் முன்னால் உட்கார்ந்து பயிற்சி. இருமவேண்டும். அந்த இருமலின் வாலைப் பிடித்து 'ம்' என்று நீட்டப் பார்க்கவேண்டும். உதட்டை மூடிக்கொண்டு, மூக்கில் விரல் வைத்து, அதிர்கிறதா என்று பார்க்கவேண்டும். தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளித்து அந்தக் களகளப்பை நீட்டவேண்டும். இவற்றுக்கு நடுவே டொக்டர் வந்து அம்மாவைப் பற்றிக் கேட்பார். அம்மா என்ன சமைப்பார், எதற்குச் சிரிப்பார், எதற்கு ஏசுவார். நான் உதட்டை அசைத்துச் சொல்வேன். அவர் உதட்டைப் படிக்கத் தெரியாமல் தவறாகச் சொல்வார். நான் திருத்துவேன். அது வேண்டுமென்றே செய்த வேலை என்று இப்போது நினைக்கிறேன்.

நாட்கள் போயின. ஒரு 'ம்' வரும், உடனே அறும். அவ்வளவுதான்.

பக்கத்துக் கட்டிலில் ஸுலைஹா என்ற முஸ்லிம் பெண் இருந்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர். கொழும்பு முஸ்லிம்கள் அக்காவைத் 'தாத்தா' என்பார்கள். ஆகவே எனக்கு அவர் ஸுலைஹா தாத்தா. மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு அவருக்கு மெலங்கோலியா. அதாவது காரணம் இல்லாமல் மனம் இருண்டு, எதிலும் பிடிப்பு இல்லாமல் போகும் வியாதி. குழந்தையைத் தூக்கினால் கீழே போட்டுவிடுவேன் என்ற பயம் அவரைப் பிடித்திருந்தது. புருஷன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குழந்தையைக் கொண்டுவருவார். தாத்தா தூர நின்று பார்ப்பார். தொடமாட்டார். அவர்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

தர்மலிங்கம் வேலை முடிந்து நேரே வருவார். அறைக்குப் போய் உடுப்பு மாற்றுவது கூட இல்லை. துறைமுகத்துத் தார் மணம் அவரோடு வரும். முதல் சில நாள் தோடம்பழம் உரித்துத் தந்துவிட்டுப் பேசாமல் இருந்தார். பேசாத இரண்டு பேர் எதிரெதிரே இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். கடைசியில் ஒரு நாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒரு படம் பாத்தனான்," என்று தொடங்கினார்.

அது ஓர் இந்திப் படம். பம்பாயிலிருந்து படச்சுருள் பெட்டிகள் கஸ்டம்ஸ் வழியாகத்தான் வரும். அதனால் அவருக்கு ஓசிப் பாஸ் கிடைக்கும். இந்தி ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் ஒரு படம் விடமாட்டார்.

"கதை என்னெண்டால், ஒரு பெட்டை. தகப்பன் செத்த துக்கத்திலை அவவுக்குப் புத்தி பேதலிச்சுப் பேச்சு நிண்டு போச்சுது. அவவைக் கட்ட இருந்தவன் ஒருத்தன் இருக்கிறான். அவன் டொக்டர் இல்லை, சும்மா ஒரு ஆள். மலையடிவாரத்திலை ஒரு ஆஸ்பத்திரியிலை கொண்டுபோய் விடுறான்…"

கதை அன்றைக்கு முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் கொஞ்சம் சொல்வார். அந்தப் பெண் முதலில் சாப்பிட மறுத்தாள். பிறகு ஒரு கவளம் சாப்பிட்டாள். அவளுக்கு ஒரு நாள் சத்தம் வந்தது, மறுநாள் போனது. அவள் கோபித்துக்கொண்டு தண்ணீர்க் கோப்பையை எறிந்தாள், ஆஸ்பத்திரிக்காரர் ஏசவில்லை. நான் கோப்பை எறிந்த மறுநாள்தான் அவளும் கோப்பை எறிந்தாள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. உட்கார்ந்து கேட்பேன். அவர் வரும் நேரம் நெருங்கினால் தலைவாரிக்கொள்வேன். ஸுலைஹா தாத்தா கட்டில்களுக்கு நடுவே தொங்கிய திரைக்கு அந்தப் பக்கத்தில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை, தாத்தாவின் புருஷன் குழந்தையைக் கட்டிலில் கிடத்திவிட்டு சிஸ்டரோடு பேச வெளியே போனார். குழந்தை வீரிட்டு அழுதது. தாத்தா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். "என்னால ஏலா, என்னால ஏலா," என்று நடுங்கினார். "புள்ள, நீங்க தூக்குங்க. அல்லாக்காகத் தூக்குங்க."

தூக்கினேன். தோளில் போட்டுக்கொண்டு யன்னல் பக்கம் நடந்தேன். ஒரு குழந்தையைத் தோளில் போட்டால் எந்தப் பெண்ணும் செய்வதைத்தான் நானும் செய்தேன். என் நெஞ்சு அதிர்வது போல இருந்தது. குழந்தைதான் விம்முகிறது என்று நினைத்தேன்.

"புள்ள," என்றார் தாத்தா. "சத்தம் வருது. உங்கட சத்தம்!"

'ம்ம்ம்' என்று அறாமல் வந்துகொண்டிருந்தது. பயிற்சியில் ஒரு கணம்கூட நிலைக்காத சத்தம் ராகம் போல நீண்டது. அது அம்மா தம்பியைத் தாலாட்டிய ராகம். அது தெரிந்ததும் குழந்தையோடு தரையில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு, வாய்விட்டு, செத்த வீட்டில் அழவேண்டிய அழுகையை அழுதேன். குழந்தையும் சேர்ந்து அழுதது. அது கையிலிருந்து நழுவுவதைக் கண்டு தாத்தா ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான், தான் பிள்ளையைத் தூக்கியிருப்பது அவருக்கே தெரிந்தது. சிஸ்டர் ஓடிவந்தபோது மூன்று பேரும் தரையில் இருந்து அழுதுகொண்டிருந்தோம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போய்ச் சீனி போட்ட தேத்தண்ணியோடு வந்தார்.

இத்தோடு சுகமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். மறுநாள் விடிய மீண்டும் ஊமை. 'ம்' கூட இல்லை. அந்தக் காலை போல ஒரு காலையை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. குரல் இல்லாமல் இருந்ததை ஒருவாறு தாங்கியிருந்தேன். வந்துவிட்டுப் போனதைத் தாங்க முடியவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு டொக்டரைப் பார்க்க மறுத்தேன்.

அவர் போர்வையோடு பேசினார். "பாதை திறந்துவிட்டது. ஒரு நாள் புல் மூடினால் பாதை இல்லை என்று ஆகிவிடாது. நடக்க நடக்கத்தான் அது பாதை."

தர்மலிங்கம் அன்று பின்னேரம் வந்து, போர்வைக்கு வெளியே இருந்து கதையைத் தொடர்ந்தார். படத்துப் பெண்ணுக்கும் அன்றைக்குக் குரல் போய்விட்டதாம். "ஆனா அவன் பயப்பிடேல்லை," என்றார். "போன தரம் வந்த வழி அவைக்குத் தெரியும்தானே."

அடுத்த நாள் எழும்பி இருமினேன். 'ம்' வந்தது. பிறகு 'மா'. பிறகு 'மாமா', 'மாமி'. ஒரு வாரத்தில் கரகரத்த குரலில் சின்னச் சின்ன வசனங்கள். காலையில் இருக்கும், பின்னேரம் தேயும். ஐயா ஞாயிற்றுக்கிழமை வந்தபோது "ஐயா, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "ஓம் பிள்ளை. ஓம். சாப்பிட்டனான். ஓம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஸுலைஹா தாத்தாவும் தேறினார். பிள்ளையை மடியில் வைத்திருக்கப் பழகி, வீட்டுக்குப் போகும் நாள் வந்தது. சாமான் கட்டும்போது என் கட்டிலில் வந்து இருந்தார்.

"புள்ள, ஒரு விசயம் சொல்லணும். கோவிக்காதீங்க. உங்கட மாப்புள சொல்ற அந்தப் படம் நான் பாத்தீக்கி."

"அப்படியோ, தாத்தா?"

"எங்கட வாப்பா பம்பாயில யாவாரம். பத்து வயசு மட்டும் நான் அங்கதான் வளந்த. எனக்கு அந்தப் பாச நல்லா வெளங்கும். அவரு சொல்ற கத ஒண்டும் அந்தப் படத்துல இல்ல."

"அப்ப அதிலை என்னதான் இருக்கு?" என்று கேட்டேன்.

"அந்தப் பொண்ணுக்குப் புத்தி தவறினது மெய்தான். மழ பெய்யுது. கட்ட இருந்தவன் வந்து ஒரே ஒரு பாட்டுப் படிக்கிறான். ஒடனே இவளும் சேந்து படிக்கிறா. அவ்வளவுதான், சொகமாப்பெய்த்து. அங்க ஆஸ்பத்திரியும் இல்ல, கொப்பளிக்கிறதும் இல்ல. கோப்ப எறியிறதும் இல்ல." தாத்தா வாயைப் பொத்திக்கொண்டார். "நான் அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு எத்தன நாள் சிரிப்ப அடக்கின! இந்த மனுசன் உங்களப் பாத்துப் பாத்துல்லா கதைய உண்டாக்குறாரு!"

எனக்குச் சிரிப்பு வந்தது. சத்தமாக வந்தது. தாத்தாவும் சிரித்தார். மெலங்கோலியாவுக்கு வந்தவரும் குரல் போனவரும் சிரித்த சிரிப்பில் சிஸ்டர் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

அன்று பின்னேரம் தர்மலிங்கம் வந்தார். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இண்டைக்கு என்ன நடந்ததெண்டால்…" என்று தொடங்கினார்.

"மழை பெய்ததோ?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். பக்கத்தில் வெறுமையாகக் கிடந்த கட்டிலைப் பார்த்தார். விளங்கிவிட்டது. காது சிவந்தது.

"எனக்கு இந்தி தெரியாதெண்டு உமக்குத் தெரியும்தானே."

"பாட்டு முடியச் சுகமானது தெரிய இந்தி வேணுமோ?"

கையில் இருந்த தோடம்பழத்தை உருட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: "அந்தப் படத்தைப் பாத்துப்போட்டு வந்த அண்டைக்கு நானும் அப்பிடித்தான் நினைச்சனான். ஒரு பாட்டுப் பாடினால் எல்லாம் சரிவரும் எண்டு. எனக்குப் பாட வராது. வந்திருந்தால் பாடியிருப்பன். டொக்டரிட்டைப் போய்க் கேட்டன். அவர் சிரிச்சுப்போட்டுச் சொன்னார், இது மெள்ள மெள்ளத்தான் வரும், கூட இருக்கிற ஆக்களுக்குத்தான் முதல் பொறுமை வேணும் எண்டு. பிறகு நான் உமக்கு அந்தப் பாட்டுக் கதையைச் சொன்னால் என்ன நடக்கும்? அவளுக்கு ஒரு பாட்டிலை வந்திட்டுதே, எனக்கேன் வரேல்லை எண்டு நீர் யோசிப்பீர். அதுதான் அந்தப் பெட்டையையும் உம்மோடை சேத்து மெள்ளமா நடக்க விட்டனான்."

அவர் கையில் இருந்த தோடம்பழத்தை வாங்கி உரித்து, பாதியை அவரிடம் நீட்டினேன். இந்தச் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று வீட்டில் முன்பே சொல்லியிருந்தேன். அவரைக் கட்டவேண்டும் என்று நானாக விரும்பியது அன்றைக்குத்தான்.

ஆனால் அவருடைய வீட்டில் விருப்பம் மாறியிருந்தது. அவருடைய தமையனார் யாழ்ப்பாணத்தில் தபாலதிபர். தகப்பன் இல்லாத குடும்பத்துக்கு அவர்தான் தகப்பன். எனக்குச் சுகம் வந்துவிட்டது என்று தர்மலிங்கம் எழுதியும் அவர் நம்பவில்லை. நேரே பார்த்து முடிவு சொல்ல ரயிலேறி வந்தார். ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் ஐயா ஒரு பக்கம், மாமி ஒரு பக்கம், நடுவில் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக அவர். தர்மலிங்கம் யன்னலோரம் நின்றார். சிஸ்டர் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு கதிரையில் இருத்தினார். காலையிலிருந்து குரலைச் சேமித்து வைத்திருந்தேன். அப்படியும் அது தொண்டையில் வழுக்கிக்கொண்டுதான் நின்றது.

தமையனார் என்னோடு பேசவில்லை. ஐயாவைப் பார்த்துத்தான் பேசினார். "குறை நினைக்கக்கூடாது. பிள்ளை நல்ல பிள்ளைதான். ஆனா இது சாதாரண வருத்தம் இல்லை. நாளைக்குப் பிள்ளை குட்டியெண்டு வந்த பிறகு திரும்ப இப்பிடி வந்தால்? ஆர் பொறுப்பு?"

மாமி, "இனி வராது, தம்பி, இனி வரவே வராது," என்று அவசரமாகச் சொன்னார். தர்மலிங்கம் யன்னலை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார்.

நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். என்னைப் பற்றிய கேள்வி அது.

"அண்ணை," என்றேன்.

தமையனார் திரும்பினார். அப்போதுதான் என்னை முதன்முறையாகப் பார்த்தார்.

"வராதெண்டு மாமி சொல்லுறா. எனக்கு அப்பிடிச் சொல்ல ஏலாது. டொக்டரும் சொல்லமாட்டார். திரும்ப வரக்கூடும்." குரல் கரகரத்தது, அறுந்தது. இருமினேன். இருமலின் வாலைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தேன். "வந்தால் நான் இஞ்சை திரும்ப வருவன். என்ன செய்யவேணும் எண்டு இப்ப எனக்குத் தெரியும். போன தரம் எனக்கு என்ன வருத்தம் எண்டே தெரியாது. அம்மா செத்ததுக்கு நான் அழேல்லை. ஒருத்தரும் என்னை அழ விடவும் இல்லை. இனி அழுகை வந்தால் அழுவன், ஏலாட்டில் ஏலாது எண்டு சொல்லுவன். உங்கடை தம்பியாருக்கு அது விருப்பம் இல்லையெண்டால் இப்பவே சொல்லட்டும். எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. நான் படிப்பிச்சுக்கொண்டு இருப்பன். ஆனா சுகமான ஆள் எண்டு பொய் சொல்லிக் கலியாணம் கட்டமாட்டன். அதோடை இன்னொண்டு. ஆண்டுத் திவசம் முடிய உடனே வேண்டாம். பள்ளிக்கூடத்திலை ஒரு தவணை, மூண்டு மாசம், நான் படிப்பிச்சுப் பாக்கவேணும்."

குரல் போன பிறகு நான் தொடர்ந்து அவ்வளவு பேசியது அதுதான் முதல் முறை. பேசி முடித்தபோது மூச்சு வாங்கியது. மாமி தலையில் கைவைத்துக்கொண்டார். ஐயா என் காலடியைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

தமையனார் சால்வையைச் சரிசெய்துகொண்டு எழும்பினார். யன்னலோரம் போய்த் தம்பியின் பக்கத்தில் நின்றார். எங்களுக்குக் கேட்கக்கூடாது என்று நினைத்துத்தான் சொன்னார். தபால் கந்தோரில் ஆட்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல். கூடம் முழுக்கக் கேட்டது.

"டேய், ஊமை எண்டு சொன்னாங்கள். என்ரை கலியாணமாகி இவ்வளவு காலத்துக்கு உன்ரை அண்ணி என்னோடை இவ்வளவு கதைச்சதில்லை. வாயைத் திறந்தால் உண்மை கதைக்கிற பிள்ளை. நீ தாங்குவியோ?"

"தாங்குவன், அண்ணை," என்றார் தர்மலிங்கம்.

"அப்ப ஒரு தவணை பொறு."

அவர் திரும்பி வந்து கதிரையில் இருந்தார். சிஸ்டர் கொண்டுவந்த தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார்.